பெயர்ப்பட்டியலுக்கு முன்னால் நடக்க வேண்டிய வேலை: விளையாட்டுக் கேள்வி – பதில்

இலங்கையின் இருபது ஓவர் கிரிக்கெட் தொடரான லங்கா பிரீமியர் லீக்கில் விளையாடும் அணிகளின் நிர்வாகம் குறித்தும், வீரர் தெரிவு குறித்தும் மலையகத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளே இம்முறை இந்தப் பக்கத்தை நிரப்பியிருக்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் தொடங்கவிருந்த ஆறாவது தொடர், உலகக் கிண்ணப் போட்டிகளுக்காக மைதானங்களைத் தயார்செய்ய வேண்டும் என்ற காரணத்தால் தள்ளிவைக்கப்பட்டது. போட்டிகள் இல்லாத அந்த இடைவெளி, யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பதைத் தாண்டி, அணியொன்று எப்படி உருவாக்கப்படுகிறது என்று நம் வாசகர்களை யோசிக்க வைத்திருப்பதை இந்தக் கடிதங்களில் காண முடிகிறது.

கேள்வி: ஐந்து தொடர்களில் கண்டி அணிக்கு நான்கு பெயர்கள். உரிமையாளர் மாறும்போதெல்லாம் பெயரும் சீருடையும் மாறுகின்றன. இப்படிப்பட்ட நிர்வாகத்தை ரசிகர்கள் எப்படி நம்புவது? (வாசகர், கண்டி)

பதில்: 2020இல் கண்டி டஸ்கர்ஸ், 2021இல் கண்டி வொரியர்ஸ், 2022இல் கண்டி பெல்கன்ஸ், 2023இல் பி-லவ் கண்டி, 2024இல் மீண்டும் கண்டி பெல்கன்ஸ். உங்கள் கணக்குச் சரியானது. பெயர் மாற்றம் ரசிகரைப் புண்படுத்துவது உண்மைதான். ஒரு சிறுவன் ஆசையோடு வாங்கிய அணிச் சட்டை அடுத்த ஆண்டே பழையதாகிவிடுகிறது. ஆனாலும் இந்த ஐந்து ஆண்டுகளை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால், பெயரைவிட முக்கியமான ஒன்று தெரிகிறது.

முதல் இரண்டு தொடர்களிலும் கண்டி புள்ளிப்பட்டியலின் கடைசி இடத்தில் இருந்தது. 2020இல் குசல் பெரேரா தலைவர், 2021இல் அஞ்சலோ பெரேரா தலைவர். ஓர் ஆண்டில் அமைத்த அணியை மறு ஆண்டு கலைத்துவிட்டு வேறோர் அணியை முதலிலிருந்து கட்டினார்கள். அதே காலத்தில் யாழ்ப்பாண அணியும் ஸ்டேலியன்ஸ் என்ற பெயரை விட்டுக் கிங்ஸ் ஆனது. அங்கும் உரிமை கைமாறியது. ஆனால் திசர பெரேரா 2020, 2021, 2022 ஆகிய மூன்று தொடர்களிலும் தலைவராக நீடித்தார். மூன்று கிண்ணங்களும் யாழ்ப்பாணத்துக்கே போயின. முதல் இரண்டு வெற்றிகளிலும் அந்த அணியில் பெரும் பங்காற்றிய வனிந்து ஹசரங்கவை 2022இல் கண்டி தன் பக்கம் கொண்டுவந்து தலைமையையும் கொடுத்தது. அந்த ஆண்டே லீக் சுற்றில் கண்டி முதலிடம் பெற்றது. தகுதிப் போட்டிகள் இரண்டிலும் தோற்றதால் மட்டுமே இறுதிக்குப் போகவில்லை. மறு ஆண்டு உரிமையாளரும் பெயரும் மாறியபோதும் தலைவர் மாறவில்லை. 2023 தொடரில் அதிக ஓட்டங்களும் அதிக விக்கெட்டுகளும் ஹசரங்கவினுடையவை: 279 ஓட்டங்கள், 19 விக்கெட்டுகள். காயத்தால் அவர் ஆட முடியாத இறுதிப் போட்டியில் அஞ்சலோ மெத்யூஸ் அணியை நடத்தி, தம்புள்ளை ஓராவை வென்று கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தார்.

ஆகவே நிர்வாகத்தை மதிப்பிடும்போது பெயர்ப்பலகையைப் பார்க்காமல், யாரை எத்தனை ஆண்டுகள் வைத்திருந்தார்கள் என்று பாருங்கள் என்பதே என் பதில். தலைவர், தலைமைப் பயிற்றுநர், உள்ளூர் வீரர்களில் ஆறேழு பேர்: இவர்கள் நிலையாக இருந்தால் அணிக்கு ஒரு குணம் உண்டாகும். வெளிநாட்டு நட்சத்திரங்களைப் பொறுத்தவரை அவர்கள் வருவதும் போவதும் இந்தத் தொடர்களின் இயல்பு. முதல் தொடரில் கண்டி பெரிதாக அறிவித்த கிறிஸ் கெய்ல் தொடர் தொடங்குமுன்பே விலகிக்கொண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெளிநாட்டுப் பெயர் ஒன்றை நம்பி அணியின் முதுகெலும்பை அமைப்பது, என் கருத்தில், நிர்வாகம் செய்யும் முதல் தவறு.

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தில் டிராஃப்ட் என்கிறார்கள். நம் லீக்கிலும் முதலில் டிராஃப்ட், பிறகு ஏலம் என்றார்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு? எது நல்லது? (உயர்தர மாணவர், தலவாக்கலை)

பதில்: டிராஃப்ட் என்பது வரிசை முறையில் வீரரைத் தெரிவு செய்வது, ஏலத்தில் பணம்தான் வரிசையைத் தீர்மானிக்கும். டிராஃப்ட்டில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு முறை வரும். தன் முறை வரும்போது, இன்னும் எவரும் எடுக்காத வீரர்களுள் ஒருவரை அணி தெரிவு செய்யும். ஏலத்தில் ஒரே வீரருக்காக இரண்டு மூன்று அணிகள் தொகையை உயர்த்திக்கொண்டே போகலாம்; அங்கே மொத்தச் செலவுக்கு விதிக்கப்படும் வரம்புதான் கடிவாளம்.

அமெரிக்கக் கால்பந்து லீக்கில் 1936இல் தொடங்கிய டிராஃப்ட் வழக்கத்தின் நோக்கம், பலவீனமான அணிக்கு நல்ல இளைஞனை முதலில் எடுக்கும் வாய்ப்பைக் கொடுத்து அணிகளைச் சமப்படுத்துவது. அதில் ஒரு தீமையும் முளைத்தது: கடைசி இடத்தில் முடித்தால் முதல் வீரர் கிடைப்பார் என்பதால், சில அணிகள் தோற்பதிலேயே ஆதாயம் தேடின. அதைத் தடுப்பதற்காக அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ 1985இல் சீட்டுக் குலுக்கலைக் கொண்டுவந்தது. 2019 முதல், மிக மோசமாக ஆடிய மூன்று அணிகளுக்கும் முதல் தெரிவு கிடைக்கும் வாய்ப்பை ஒரே அளவாக, 14 வீதமாக வைத்தது. தோல்விக்குப் பரிசு கொடுக்கும் எந்த முறையும் எவ்வளவு கவனமாகக் காவல் காக்கப்பட வேண்டும் என்பதற்கு இது உதாரணம்.

நம் லீக் 2020 முதல் 2022 வரை டிராஃப்ட் முறையையும், 2023இலும் 2024இலும் ஏலத்தையும் பின்பற்றியது. எது நல்லது என்று கேட்டால், வீரரின் வருமானத்துக்கு ஏலமும், அணிகளின் சமநிலைக்கு டிராஃப்ட்டும் நல்லவை. ஆனால் நீங்கள் மாணவர் என்பதால் ஒரு முக்கியமான வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். என்பிஏயில் டிராஃப்ட் என்பது பெரும்பாலும் பல்கலைக்கழகத்திலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ முதன்முறையாக வரும் இளைஞர்களுக்குரியது. அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க ஒவ்வோர் அணியும் ஆண்டு முழுவதும் ஆட்களை ஊர் ஊராக அனுப்புகிறது. நம் லீக்கில் டிராஃப்ட் என்ற பெயரில் நடந்தது, ஏற்கெனவே அறியப்பட்ட வீரர்களைப் பங்கிட்டுக்கொள்வதே. பெயரை எடுத்துக்கொண்டோம், அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த தேடலை எடுத்துக்கொள்ளவில்லை. மலையக ரசிகராக எனக்கு உள்ள வருத்தம் இதில்தான் தொடங்குகிறது.

கேள்வி: கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த மதீஷ பத்திரன, 2024 ஏலத்தில் 120,000 டொலருக்குக் கொழும்பு அணிக்குப் போனார். நம்மூர்ப் பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள முடியாத நிர்வாகம் வெட்கப்பட வேண்டாமா? (வாசகர், கம்பளை)

பதில்: வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த ஏலத்தின் மிக உயர்ந்த விலை அது. ஒரே பந்துவீச்சாளருக்கு அவ்வளவு தொகையைக் கொடுத்தால் மீதியுள்ள பதினைந்துக்கு மேற்பட்ட இடங்களை எப்படி நிரப்புவது என்று கணக்குப் பார்க்கவேண்டிய பொறுப்பு நிர்வாகத்துக்கு உண்டு. ஊர்ப்பற்று விலையை உயர்த்தும் ஒரே காரணமாகிவிடக் கூடாது. பத்திரன இல்லாமலேயே அந்த ஆண்டு கண்டி இரண்டாவது தகுதிப் போட்டி வரை வந்து, யாழ்ப்பாணத்திடம் ஒரே ஓட்டத்தால்தான் தோற்றது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஊர்ப்பற்றை ஏலத்தில் காட்டுவதைவிட விதியில் காட்டலாம் என்பது என் யோசனை. ஒவ்வோர் அணியும் தன் மாகாணத்தில் பள்ளிப் படிப்பை முடித்த, 21 வயதுக்குட்பட்ட இருவரை ஏலத்துக்கு வெளியே, நிர்ணயித்த சம்பளத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி வரட்டும். பாகிஸ்தான் சுப்பர் லீக்கின் டிராஃப்ட்டில் வளரும் வீரர்களுக்கென்று தனிப் பிரிவு இருந்தது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

கேள்வி: எங்கள் தோட்டத்து மென்பந்து அணியில் ஒரு தம்பி இருக்கிறான், வேகத்தில் அவனுக்கு இணையாக இந்தப் பக்கத்தில் எவரையும் நான் பார்த்ததில்லை. அப்பா இல்லை, அம்மா கொழுந்து பறிக்கிறார். இவனைப் போன்றவன் எப்படி அந்தப் பட்டியலுக்குள் போவது? யாரும் வந்து பார்ப்பதே இல்லையே, ஐயா. (அணிப் பொறுப்பாளர், பொகவந்தலாவை)

பதில்: தம்பி, இம்முறை வந்த கடிதங்களுள் நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தது உங்களுடையதைத்தான். ஆறுதலாக மட்டும் எழுதிவிட்டுப் போக விருப்பமில்லை. ஆகவே நிலைமையை உள்ளபடியே சொல்கிறேன்.

ஏலத்துக்கோ டிராஃப்ட்டுக்கோ வரும் உள்ளூர் வீரர்களின் பட்டியல் வானத்திலிருந்து விழுவதில்லை. பாடசாலைக் கடினப்பந்து கிரிக்கெட், வயதுப் பிரிவுகளுக்கான மாவட்ட, மாகாண அணிகள், பிறகு கழகக் கிரிக்கெட் என்ற படிகளில் ஏறி வந்தவர்களின் பெயர்களே அதில் இருக்கும். முதல்தரக் கழகங்களில் பெரும்பாலானவை கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருக்கின்றன. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பான்மையானவற்றில் கடினப்பந்து அணியே இல்லை. அணித் தெரிவாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், பட்டியலில் இல்லாத ஒருவனை அவரால் தெரிவு செய்ய முடியாது. மலையகத்துப் பிள்ளை கைவிடப்படுவது ஏல மண்டபத்தில் அன்று. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு, முதல் கடினப்பந்தைத் தொடவேண்டிய வயதில்.

பணமும் ஒரு காரணம். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அது போன்ற சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒரு தாயால் மட்டை, கால்காப்பு, கையுறை, தலைக்கவசம், சப்பாத்து என்று பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க முடியாது. பந்துவீச்சாளனுக்குச் செலவு சற்றுக் குறைவு என்பது உங்கள் தம்பிக்குச் சாதகமான ஒரே விடயம்.

இனி ஆட்டத்தைப் பற்றி. மென்பந்தில் வேகமாக வீசுபவன் கடினப்பந்திலும் அப்படியே வீசுவான் என்று நினைத்துவிடக் கூடாது. மென்பந்து எடை குறைந்தது. அதில் தையல் இல்லை. தோளையும் மணிக்கட்டையும் சுழற்றினாலே வேகம் கிடைத்துவிடும். கடினப்பந்துக்கு ஓடிவரும் ஓட்டத்தின் சீர், முன்காலை ஊன்றும் உறுதி, தையலை நிமிர்த்திப் பிடிக்கும் விரல்கள் எல்லாம் வேண்டும். மடக்கிய முழங்கையை நிமிர்த்திப் பந்தை எறிவதை மென்பந்துப் போட்டிகளில் எவரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. கடினப்பந்தில் அதுவே ஒருவனின் பயணத்தை முடித்துவிடும். ஆனால் மென்பந்தில் வளர்ந்த கையில் இருக்கும் தனித்தன்மை, பயிற்சி முகாம்களில் வார்க்கப்பட்ட கைகளில் எளிதில் கிடைக்காது. லசித் மாலிங்க காலிக்கு அருகே ரத்கமவில் கடலோர மணலில் மென்பந்து ஆடியவர். பதின்ம வயதின் பிற்பகுதியில் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் சம்பக்க ராமநாயக்கவின் கண்ணில் பட்டார்; அந்த விநோதமான வீச்சைத் திருத்திக் கெடுக்காமல் வளர்க்கும் அறிவு அந்தப் பயிற்றுநருக்கு இருந்தது. திறமை, கண்டெடுத்தவர், கெடுக்காமல் விட்டவர் என்று மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தபோதுதான் மாலிங்க கிடைத்தார்.

நம் மண்ணின் முரளிதரனும் அப்படித்தான். அவருடைய தாத்தா தேயிலைத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவர். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் முதலில் மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்த அவரை, பதினான்கு வயதில் சுழற்பந்துக்கு மாற்றியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. அங்கிருந்து கொழும்பில் தமிழ் யூனியன் கழகம், பிறகு தேசிய அணி, 800 டெஸ்ட் விக்கெட்டுகள். அவருக்கு வாய்த்தது ஒரு கல்லூரியும் ஒரு பயிற்றுநரும் என்பதை நாம் கவனிக்க வேண்டும். மலையகம் முரளியைக் கொண்டாடும் அளவுக்கு, முரளிக்குக் கிடைத்த அந்த இரண்டையும் மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்டுப் போராடவில்லை.

வடக்கில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2020இல் யாழ்ப்பாண அணி தன் பகுதி இளைஞர்கள் சிலரைப் பட்டியலில் சேர்த்தது. அவர்களுள் ஒருவரான விஜயகாந்த் வியாஸ்காந்த், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் சுழற்பந்து வீச்சாளர், 19 வயதை எட்டவிருந்தபோது களமிறங்கினார். 2024இல் ஹசரங்கவுக்குப் பதிலாக ஐதராபாத் அணி அவரை அழைத்து ஐபிஎல் போட்டியிலும் ஆட வைத்தது. அணி ஒன்று தன் பெயரில் உள்ள ஊருக்குச் செய்யவேண்டிய கடமை இதுதான். கண்டி நிர்வாகம் நுவரெலியா மாவட்டத்துக்கோ பதுளைக்கோ அதே கண்ணோடு ஆள் அனுப்பட்டும் என்று நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

உங்கள் தம்பிக்கு இப்போது என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. பதினைந்துக்குக் கீழே என்றால், கடினப்பந்து அணி உள்ள பாடசாலை ஒன்றில் சேர்ப்பதற்கு இந்த ஆண்டே முயலுங்கள். ஹட்டனிலோ கண்டியிலோ விடுதி வசதி உள்ள பாடசாலை என்றால் அம்மாவுக்குச் சுமை குறையும். அவன் அதற்கு மேல் வளர்ந்துவிட்டான் என்றால், மாவட்டக் கிரிக்கெட் சங்கத்தின் வழியாக மாகாண மட்டத் தெரிவுப் பயிற்சிகள் எப்போது நடக்கின்றன என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வாய்ச்சொல்லை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அதுவரை வாரத்தில் இரண்டு நாளாவது கடினப்பந்தில், கல்லும் முள்ளும் இல்லாத சமநிலத்தில் வீசட்டும். ஒரு நாளில் வீசும் பந்துகளுக்கு வரம்பு வையுங்கள். வளரும் முதுகெலும்பு நொறுங்கினால் எந்தப் பட்டியலும் அவனுக்கு உதவாது.

கேள்வி: எங்கள் பாடசாலையில் பெண்பிள்ளைகள் ஆர்வமாக ஆடுகிறார்கள். ஆண்களுக்கே வழியில்லாத இடத்தில் இவர்களுக்கு என்ன எதிர்காலம் என்று பெற்றோர் கேட்கிறார்கள். என்ன சொல்வது? (ஆசிரியை, பண்டாரவளை)

பதில்: சமரி அத்தபத்துவின் கதையைச் சொல்லுங்கள், ஆசிரியை. 2023இல் அவுஸ்திரேலியாவின் பெண்கள் பிக் பாஷ் லீக் முதன்முறையாக வெளிநாட்டு வீராங்கனைகளுக்கு டிராஃப்ட் நடத்தியது. உலகின் சிறந்த துடுப்பாட்ட வீராங்கனைகளுள் ஒருவரான சமரியை எந்த அணியும் தெரிவு செய்யவில்லை. பின்னர் சிட்னி தண்டர் அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்தத் தொடரில் 552 ஓட்டங்கள் எடுத்து, தொடரின் சிறந்த வீராங்கனை விருதை அவரே பெற்றார். மறு ஆண்டு ஜூலையில் அவர் தலைமையில் இலங்கை தம்புள்ளையில் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தை எடுத்தது.

தெரிவு மேசையில் உட்கார்ந்திருப்பவர்களின் கணிப்பு எவ்வளவு பிழைக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஒரு விடயத்தில் பெண்பிள்ளைகளுக்கு வழி சற்றுத் திறந்திருக்கிறது என்றே நான் நம்புகிறேன்: போட்டியிடுவோர் தொகை குறைவாக இருப்பதால், முறையான பயிற்சியோடு வரும் மலையகப் பெண் ஒருத்தி மாகாண அணியை விரைவாகவே எட்டிவிட முடியும். ஊவா மாகாணம் என்பதால் கண்டி அணியை நம்பியிருக்காமல் பதுளை மாவட்டச் சங்கத்தையே முதலில் அணுகுங்கள்.

கேள்வி: பணம் போடுகிறவர் உரிமையாளர். யாரை எடுப்பது, யாரை விடுவது என்பதில் கருத்துச் சொல்ல ரசிகனுக்கு என்ன உரிமை? (வாசகர், நாவலப்பிட்டி)

பதில்: ஊரின் பெயரைப் போட்டுக்கொண்டு ஆடுகிற அணியில் ஊராருக்கு உரிமை உண்டு. பல்லேகல மைதானத்துக்கு இந்தத் தொடர் முதன்முறையாக 2022இல்தான் வந்தது. அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் கண்டி அணி கண்டியில் ஒரு பந்துகூட வீசாமல் கண்டியின் பெயரால் ஆடியது. அப்போதும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அந்த அணிக்காகவே கவலைப்பட்டவர்கள் நீங்கள். உரிமையாளர் வந்தார், போனார், நீங்கள் போகவில்லை.

கேள்வி: 2024இல் ஏலம் முடிந்த மறுநாளே தம்புள்ளை அணியின் உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் கைதானார். 2025இல் யாழ்ப்பாண, கொழும்பு அணிகளின் ஒப்பந்தங்களும் இரத்தாகின. இந்த லீக்கையே நம்பலாமா? (வாசகர், பதுளை)

பதில்: கைது நடந்தது மே மாதம் 22ஆம் திகதி, அந்த ஒப்பந்தம் உடனே இரத்துச் செய்யப்பட்டு, தம்புள்ளை வேறு உரிமையாளரின் கீழ் சிக்ஸர்ஸ் என்ற பெயரில் ஆடியது. குற்றச்சாட்டைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை என்பதால் அதைப் பற்றி நான் மேலும் பேசப் போவதில்லை. விளையாட்டுத் தொடர்பான குற்றங்களைத் தடுக்கும் சட்டம் 2019 முதல் நம் நாட்டில் இருக்கிறது. பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு அதில் இடமுண்டு. சட்டம் இருப்பதால்தான் கைதும் நடந்தது. அந்த அளவில் அது நம்பிக்கை தரும் செய்தியே.

எனக்குக் கவலை தருவது வேறு. அணியை வாங்குபவரின் பின்னணியை ஆராய்வது ஏலத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை. ஓர் அணியின் உரிமையாளர் கைதாகும் வேளையில், அவருடைய அணி வாங்கிய இளம் வீரர்கள் தங்கள் சம்பளத்துக்கு யார் பொறுப்பு என்று தெரியாமல் தவிக்கக் கூடாது. வீரர்களின் சம்பளத்தைத் தொடர் தொடங்குமுன்பே லீக் நிர்வாகம் உரிமையாளரிடமிருந்து வாங்கித் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்குக் குறைந்த ஒப்பந்தத்தில் எவருக்கும் அணியைக் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டையும் செய்தால், குறுகிய இலாபத்துக்காக வருபவர்கள் தாமாகவே ஒதுங்கிவிடுவார்கள்.

கேள்வி: அடுத்த தொடருக்குக் கண்டி அணியின் பொறுப்பை உங்களிடம் கொடுத்தால் முதலில் யாரைத் தெரிவு செய்வீர்கள்? (வாசகர், மஸ்கெலியா)

பதில்: முதல் தெரிவு வீரராக இராது. தமிழும் சிங்களமும் பேசத் தெரிந்த, கடினப்பந்து ஆடிய அனுபவமுள்ள இருவரை ஆண்டு முழுவதற்கும் சம்பளத்துக்கு அமர்த்தி, மலையகத்தைச் சுற்றி வரச் சொல்வேன். திறமையை முன்கூட்டியே கணிப்பது எவ்வளவு கடினம் என்பதை டிராஃப்ட்டைக் கண்டுபிடித்த நாடே காட்டியிருக்கிறது. 1936இல் முதல் வீரராகத் தெரிவான ஜே பெர்வாங்கர் அமெரிக்கக் கால்பந்து லீக்கில் ஒரு போட்டியும் ஆடவில்லை. கூடைப்பந்தில் 1984இல் போர்ட்லாந்து அணி சாம் போவியை எடுத்தது. அதற்கு அடுத்த முறையில் சிகாகோ எடுத்தவர், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மைக்கேல் ஜோர்டன். அமெரிக்கக் கால்பந்தின் மிகச் சிறந்த வீரர்களுள் ஒருவரான டொம் பிராடி 2000இல் தெரிவானது 199ஆவது இடத்தில். ஆண்டுக் கணக்கில் ஆட்களை அனுப்பிப் பார்ப்பவர்களே இவ்வளவு பிழைக்கும்போது, பார்க்கவே போகாதவர்கள் எதைக் கண்டுபிடிப்பார்கள்?

எங்கே, எப்போது பார்ப்பது என்பதிலும் உள்ளூர் அறிவு வேண்டும். தென்மேல் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தை நனைக்கும். அப்போது அங்கே போனால் சேறுதான் இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை, தைப்பொங்கலை ஒட்டிய மென்பந்துப் போட்டிகள் நடக்கும் காலத்தில் போக வேண்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் இதற்கு நேர்மாறு: ஆண்டு இறுதியில் மழை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயில். இரண்டு பருவத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் எங்காவது ஓரிடத்தில் நம் பிள்ளைகள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். துரைமார் காலத்திலிருந்து நல்ல புல்வெளியோடு இருக்கும் ரதல்ல, தரவளை மைதானங்களிலும், ஹட்டன் டன்பார் மைதானத்திலும் பகிரங்கத் தெரிவுப் பயிற்சி நடத்தலாம். வருகிறவர்களுக்குக் கடினப்பந்தையும் பாதுகாப்பு உபகரணங்களையும் அணியே கொடுக்க வேண்டும். பேருந்துச் செலவையும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அந்தச் செலவுக்குப் பயந்தே வராமல் இருப்பவர்கள் பலர். தேறியவர்களில் பத்துப் பேரையாவது கண்டியில் தங்க வைத்து, பாடசாலைப் படிப்பும் கெடாமல் ஈராண்டு பயிற்சி கொடுக்கலாம். வெளிநாட்டு நட்சத்திரம் ஒருவரின் ஒரு தொடர்ச் சம்பளத்தை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் எண்ணம்.

வீரர்களுக்கு வந்தால், ஹசரங்கவை எந்த விலைக்கும் விட மாட்டேன். அவருக்கு அடுத்தபடி, வெளிநாட்டவரைத் தேடாமல், முதல் ஆறு ஓவர்களான பவர்பிளேயில் புதிய பந்தை இரு பக்கமும் அசைக்கும் உள்ளூர் வேகப்பந்து வீச்சாளர் ஒருவரை எடுப்பேன். பல்லேகலயின் மாலைக் காற்றில் அவருக்கு முதல் நான்கு ஓவர்களில் நிச்சயம் வேலை இருக்கும். மூன்றாவதாக விக்கெட் காப்பாளர். வெளிநாட்டு வீரர்களுள், ஏற்கெனவே ஒருமுறை கண்டிக்கு ஆடி, தொடர் முடியும் வரை நின்றவர்களையே மீண்டும் அழைப்பேன். பட்டியலின் கடைசி இரண்டு இடங்களை, ரதல்லயிலும் டன்பாரிலும் தேறி வரும் இருவருக்காக ஏல நாள் வரை நிரப்பாமல் வைத்திருப்பேன்.